நீ கடைசியாகப் போட்ட பெரட்டு

மாப்ள,

இன்று காலை பாலக்காட்டுச் சித்தூர் வீட்டில் பீரோவைத் திறந்தேன், குப்பென்று பூண்டு. பதினொரு நாளைக்கு முன்பு காந்தலூர் மலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. இரண்டு தடவை துவைத்தும் வாசனை போகவில்லை. உலகத்தில் கோடானுகோடி கம்ப்யூட்டர் சர்வர்கள் கண்ணாடி மாளிகைகளில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு வாழ்கின்றன. பூண்டு மூட்டைகளுக்கு நடுவில், உருளைக்கிழங்குத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றாடி சுற்றும்போதெல்லாம் ரசம் கொதிக்கிற மாதிரி மணக்கிற சர்வர் ஒன்றே ஒன்றுதான். அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நீ. அதைக் காப்பாற்றியவன், சபையோர் எழுந்து நிற்கலாம், நான்.

ஆமாம் மாப்ள, காப்பாற்றிவிட்டேன்! நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த மாதிரி மடலைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதவேண்டும் என்பது எனக்கும் தெரியும். முடியவில்லை. சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. நடந்ததை முழுசாகப் புரிந்துகொண்டு "அடப்பாவி மாமா" என்று தொடையில் தட்டக்கூடிய ஒரே ஆள் நீதான். நீயோ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ என்னைவிட நாற்பது நாள் மூத்தவன். இருந்தும் கஞ்சிக்கோடு ஃபேக்டரியில், கம்ப்யூட்டர் செக்ஷனில் சேர்ந்த முதல் நாளே என்னை மாமா என்றாய். ஃபேக்டரி முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது, அதனால் விட்டுவிட்டேன். உன் மாமனார், ஸ்டெல்லாவின் அப்பா, கொடுத்த நிலத்தைப் பார்க்க நீ காந்தலூருக்குக் குடிபோனபோது, ஃபேக்டரியின் பாதி மூளை மலையேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மீதிப் பாதி நான் என்று நானே பேசிக்கொண்டேன்.

அப்புறம்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. காந்தலூர்க்காரர்கள் நாளைக்கு என்ன காய் பறிக்கப்போகிறார்கள் என்பதைச் செல்போனில் போட்டுவிட்டால், பாலக்காட்டுக் கடைக்காரர்களும் கஞ்சிக்கோட்டு கேண்டீன்காரர்களும் அங்கிருந்தே பார்த்து வேண்டியதைச் சொல்லிவிடலாம். யார் வீட்டு பீன்ஸும் வாங்க ஆளில்லாமல் வாடாது. நீயும் நானுமாக அந்தச் செயலியை எழுதி முடித்தோம். அதாவது நீ எழுதினாய், நான் பாராட்டினேன். லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினி காந்தலூர் விவசாயிகள் சங்கத்து அறையில் ஏறி உட்கார்ந்து சர்வர் என்று பட்டம் கட்டிக்கொண்டது.

அதற்கு நான் செய்த முதல் திருப்பணி உனக்கு ஞாபகமிருக்கும். தரவுகள் எங்கே இருக்கின்றன, அதன் கடவுச்சொல் என்ன, இது நிஜ ஓட்டமா சோதனை ஓட்டமா, விவசாயிகளின் விவரங்களைப் பூட்டித் திறக்கிற சாவிச்சொல் என்ன என்று நான்கு சங்கதிகள் அந்தச் செயலிக்குத் தெரிய வேண்டும். நான் நான்கையும் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டு, தஞ்சாவூர்க் கோபுரத்தைக் கட்டி முடித்தவன் மாதிரி நின்றேன். நீ பார்த்தாய். தேநீரைக் கீழே வைத்தாய்.

"ஆளு வேற, அவன் இன்னைக்கு நிக்கப்போற மலை வேற மாமா. ரெண்டையும் சேத்து வச்சுத் தைக்காதீக."

அதெல்லாம் நிரலுக்கு வெளியே, சூழல் மாறிகளில் இருக்க வேண்டும் என்றாய். எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் பெரட்டைச் சொன்னாய். எஸ்டேட்டில் விடிந்ததும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்த மலை, யாருக்குக் கொழுந்து, யாருக்கு மருந்தடி என்று கங்காணி கூவுகிற கூட்டம். எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்த நீ தாலாட்டுக்கு முன்பே அதைக் கேட்டவன். வேலைக்குக் கிளம்புகிறவன் காதில் கிளம்பும்போது சொல்வதுதான் சூழல் மாறி. காட்டுக்குள் போனபிறகு கத்தினால் கேட்காது. மாற்றிச் சொல்ல வேண்டுமானால் ஆளைத் திருப்பி அழைத்து மறுபடி பெரட்டில் நிறுத்தவேண்டும். லினக்ஸைப் பற்றி மனிதகுலத்தில் யாரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டதில்லை.

கேட்டுவிட்டு உடனே தப்பும் செய்தேன். கணினித் திரையில் ஒரு ஜன்னலில் நான்கையும் தட்டினேன். இன்னொரு ஜன்னலைத் திறந்து சர்வரைக் கிளப்பினேன். எனக்கு எதுவுமே தெரியாது என்று சர்வர் கையை விரித்தது.

"ஏனுங் மாப்ள, நாந்தான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டனே, அப்புறம் எதுக்கு இவன் ஒண்ணும் தெரியாதுங்கறான்?"

"எங்க வச்சுச் சொன்னீக?"

"இந்தா, இந்த ஜன்னல்ல."

"ஆளு எங்க நிக்கான்?"

"அந்த ஜன்னல்ல."

"கீழ் டிவிசன் பெரட்டுல கூவிட்டு, மேல் டிவிசன்காரனுக்கு ஏன் கேக்கலைங்கீக. வெளங்கிரும்."

சரி என்று ஒரே ஜன்னலில் தட்டினேன். அப்போதும் கேட்கவில்லை. எக்ஸ்போர்ட் என்ற வார்த்தையை முன்னால் போட மறந்துவிட்டேனாம். "கங்காணி மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா ஆளுக்கு எப்படி மாமா தெரியும்? வாயத் தொறந்து சொல்லணும்." அன்று நீ சிரித்த சிரிப்பில் மூட்டைகளிலிருந்து பூண்டுத் தோல் பறந்தது. இதில் மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை.

ஆனால் மாப்ள, என்னை இத்தனை பாடுபடுத்திய மகாகங்காணியே, நீ செய்த தப்பு என் தப்பையெல்லாம் சேர்த்துக் கட்டினாலும் அதைவிடப் பெரிது. தினமும் காலை ஆறரை மணிக்குக் கோயில் ஜெபம் முடித்து, பிளாஸ்க்கோடு சங்கத்துக்கு வருவாய். முந்தின நாள் ஓட்டத்தை நிறுத்துவாய். நான்கு வரிகளையும் மனப்பாடமாகத் தட்டுவாய். சர்வரைக் கிளப்பிவிட்டுப் போவாய். இயந்திரம் எழும்போதே தானாகக் கிளம்புகிற மாதிரி செய்துவிடலாமே என்று நான் எத்தனை தடவை கெஞ்சினேன்!

"பெரட்டு போடாம ஆளை அனுப்புன எஸ்டேட்டு உருப்பட்டதில்ல மாமா."

"சரி, அந்த நாலு வரியை ஒரு கோப்புலயாவது எழுதி வையேன்."

"எழுதி வச்சுப் படிக்கிறவன் கங்காணி இல்ல, கிளார்க்கு."

நான் முதலில் வைத்த கடவுச்சொல்லையும் சாவிச்சொல்லையும் நீ மாற்றிவிட்டாய். மாற்றிய சாவிச்சொல் என்ன என்று கேட்டால் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மலைக்குக் கீழே மறையூரில் மழையா என்று என்னிடமே விசாரிப்பாய். நானும் மானஸ்தன், மறுபடி கேட்கவில்லை.

அன்றைக்கும் பெரட்டு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாய். படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை.

ஆனால் சர்வர் நிற்கவில்லை. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. ஏழு மாதமும் காந்தலூர்ப் பூண்டு, கேரட், பீன்ஸ் எல்லாம் நீ அன்று காலை சொல்லி அனுப்பிய சொல்லை வைத்துக்கொண்டே மலையிறங்கின. எனக்கும் அது உறைக்கவில்லை. மரகதம் போன் செய்கிற வரைக்கும்.

மரகதத்தை உனக்குத் தெரியும். சங்கத்துச் செக்ரட்டரி. காட்டுப்பன்றியே அவர் தோட்டத்துக்குள் வருவதற்கு முன் மனு கொடுத்துவிட்டு வரும்.

"மாமா, சங்கத்துக்குப் புதுசா வயரிங் பண்றோம். வியாழக்கிழமை மூணு மணிக்கு மெயின் ஆஃப். இன்வெர்ட்டரையும் கழட்டுறோம். வந்து உங்க பொட்டிய மூடி, மறுபடி தொறந்து குடுத்துட்டுப் போங்க."

"மூடறது சுலபமுங்க அம்மணி..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூடலாம். திறப்பது எப்படி? தரவின் கடவுச்சொல் போனால் போகட்டும், புதிதாக வைத்துக்கொள்ளலாம். சாவிச்சொல் போனால்? சங்கத்து அத்தனை குடும்பங்களின் பெயரும், தொலைபேசி எண்ணும், யார் யாரோடு வியாபாரம் என்பதும் அந்தச் சாவியால் பூட்டியது. எந்த மேதாவியாலும் அதைத் திறக்க முடியாது. அப்படித்தானே நாம் பெருமை அடித்துக்கொண்டோம்!

"தொறக்க முடியலைன்னா?" என்று கேட்டேன்.

"முடியலைன்னா பொட்டியத் தூக்கிக் குடோன்ல போட்டுட்டுப் பழையபடி போன்லயே பேசிக்கிறோம். நாங்க என்ன கம்ப்யூட்டரோடயா பொறந்தோம்?"

உன் ஐந்து வருஷ உழைப்பு, மாப்ள, உருளைக்கிழங்கு குடோனில்! வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, அங்கிருந்து சின்னாறு வழியாக மலை. வழியில் ஒரு யானை நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கியது. பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் ஓட்டுநர் ஹாரன் அடித்ததால் ஒதுங்கியது என்பார்கள். அவர்கள் சாட்சி செல்லாது.

பதினொரு மணிக்குச் சங்கத்தில் இருந்தேன். ஸ்டெல்லா எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. உன் டைரிகள், வேதாகமம், பாட்டுப் புத்தகம், மருந்துச் சீட்டு வரைக்கும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினோம். ஒன்றுமில்லை.

"அவுகளா எழுதி வைப்பாக? கடைக்குப் போனா என்ன வாங்கணும்னுகூட எழுதிக்கிட மாட்டாக. உப்பு வாங்கப் போய் சீனியோட வருவாக" என்றது ஸ்டெல்லா.

நான் கணினியில் என் நிர்வாகக் கணக்கில் நுழைந்து, உன் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவைக் குடைந்தேன். நுழையும்போது தானாகப் படிக்கப்படும் கோப்பில் இல்லை. நீ தட்டிய கட்டளைகளின் வரலாற்றைத் திறந்தேன். ஆயிரம் கட்டளைகள் இருந்தன; அந்த நான்கு மட்டும் இல்லை. கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டால் வரலாற்றில் பதியாது என்ற தந்திரம் உனக்கு எப்படித் தெரியும்? சொல்லிக்கொடுத்தவன் நான். என் கையாலேயே என் கண்ணைக் குத்த வைத்திருக்கிறாய்.

ஒரு மணி. ஒன்றரை. வயரிங்காரர் ஏணியோடு வந்துவிட்டார். மரகதம் வாசலில் நின்று கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அம்மணி, நாளைக்குத் தள்ளி வச்சுக்கலாமுங்களா?"

"போன மாசமே தள்ளி வச்சது. பழைய வயர் சூடாகி மூட்டை பத்திக்கிச்சுன்னா நீங்களா வந்து அணைப்பீங்க? மூணு மணின்னா மூணு மணி."

நியாயம் அவர் பக்கம் இருந்தது, அதுதான் கொடுமை. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முப்பது வருஷத்தில் முதல்முறையாக என் வாயில் வார்த்தை வரவில்லை. ஸ்டெல்லா புத்தகங்களைத் திரும்பப் பையில் அடுக்கிக்கொண்டே, தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னது:

"ஒருத்தருக்கும் சொல்லலையே. அந்தப் பொட்டிக்கு மட்டுந்தான் சொன்னாக."

மாப்ள! எழுந்த வேகத்தில் ஸ்டூல் மறையூருக்குப் போய் விழுந்தது. பொட்டிக்குச் சொன்னாய்! கங்காணி போய்விட்டான், பெரட்டும் கலைந்துவிட்டது, ஆனால் அந்தப் பெரட்டில் நின்று கேட்ட ஆள் இன்னும் காட்டில் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறான்! மூன்று மணி வரைக்கும் உயிரோடு இருப்பான். அவனைக் கேட்டால் போதாதா?

லினக்ஸில் ப்ராக் என்று ஒரு அடைவு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அதற்குள் எண் போட்ட ஒரு அறை. அந்த அறையில் என்விரான் என்று ஒரு தாள். கிளம்பும்போது அவன் காதில் என்னென்ன சொல்லப்பட்டதோ அத்தனையும் அதில் இருக்கும். வேலையை ஆரம்பித்தவனோ நிர்வாகியோ மட்டுமே அதைப் படிக்கலாம். நம் சர்வரின் எண்ணைத் தேடினேன். திறந்தேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வாலாக நீண்டது. வரி வரியாகப் பிரித்தேன்.

முதலில் வந்தவை நான் தேடியவை அல்ல. பயனர்: உன் பெயர். வீடு: உன் அடைவு. மொழி: தமிழ். நிற்கும் இடம்: நாம் செயலியை வைத்த அடைவு. அன்று காலை ஆறரை மணிக்கு நீ யார், எங்கே நின்றாய், எந்த மொழியில் இருந்தாய் என்பதெல்லாம் கலையாமல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கண் மங்கிவிட்டது. பூண்டு நெடி என்று வைத்துக்கொள்.

அதற்கடியில் நான்கு வரிகள். நான்காவது சாவிச்சொல். ஆங்கில எழுத்தில் தமிழ், இடைவெளி விடாமல் ஒரே கோவையாக. எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்:

"மாமாகிட்ட சொன்னா மறையூர் வரைக்கும் கேக்கும்."

ஏணிமேல் நின்ற வயரிங்காரர் "என்னதுங்க?" என்றார். நான் மடையன் மாதிரி இன்னும் உரக்க இன்னொரு தரம் படித்தேன். மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. செக்ரட்டரி சிரித்து நான் பார்த்ததில்லை. ஸ்டெல்லாவோ விழுந்து விழுந்து சிரித்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை என்று அப்புறம் மரகதம் சொன்னார்.

"தெனமும் காலையில ஜெபம் முடிச்ச கையோட இதையா அடிச்சாக?" என்றது ஸ்டெல்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

உன் சாவிச்சொல் எவ்வளவு உண்மை என்பதை, கண்டுபிடித்த பத்தாவது வினாடியில் மூன்று சாட்சிகள் முன்னால் நானே நிரூபித்துவிட்டேன் மாப்ள. இதற்காகவே நீ காத்திருந்திருக்கிறாய்.

மணி இரண்டு பத்து. அவமானப்பட நேரமில்லை. நிர்வாகியைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி ஒரு கோப்பைத் திறந்து நான்கு வரிகளையும் எழுதினேன். இயந்திரம் எழுந்ததும் எல்லா வேலைகளையும் கிளப்புகிற சிஸ்டம்டியிடம், இந்தக் கோப்பைப் படித்துச் சொல்லிவிட்டு நம் சர்வரை அனுப்பு என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். உன் ஆளைக் கலைக்காமல், பக்கத்திலேயே வேறு போர்ட்டில், அதாவது வேறு கதவெண்ணில், ஒரு புது ஆளைக் கிளப்பிப் பார்த்தேன். அவன் வந்தான். எனக்கு எதுவும் தெரியாது என்றான்.

இரண்டே முக்கால். வியர்வையில் சட்டை ஒட்டிவிட்டது. பிழைப் பதிவேட்டைப் படித்தேன். உன்னிடம் அடி வாங்கிக் கற்ற பாடத்தை மறக்காமல் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் எக்ஸ்போர்ட் என்று போட்டிருந்தேன் அல்லவா? இங்கே அது கூடாதாம்! கங்காணி கூவும்போது வேண்டிய வார்த்தை, கிளார்க்கின் தாளில் இருந்தால் வரியே தள்ளுபடியாம். நான்கு எக்ஸ்போர்ட்டையும் அழித்தேன். மறுபடி கிளப்பினேன். புது ஆள் வந்தான். சாவியைப் போட்டான். ஸ்டெல்லாவின் பெயரும் எண்ணும் திரையில் தெளிவாக விரிந்தன.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. இனி உன் ஆளை நிறுத்த வேண்டும். அதற்கான கட்டளைக்குக் கில் என்று பெயர். நல்ல பெயர் வைக்கத் தெரியாதவர்கள். எண்ணைத் தட்டிவிட்டு விரல் நின்றுவிட்டது. ஏழு மாதம் ஒரு வாரவிடுமுறைகூட இல்லாமல் உன் சொல்லைச் சுமந்தவன்.

ஸ்டெல்லா என் பின்னால் வந்து நின்றது. "வேலை முடிஞ்சுது மாமா. அனுப்பிருங்க" என்றது.

அனுப்பினேன். மெயின் அணைந்தது. காற்றாடி மெல்ல மெல்ல நின்றது.

ஐந்தரைக்குப் புது வயரில் மின்சாரம் வந்தது. நான் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தளபதி மாதிரி நின்றேன். பெட்டி தானாக எழுந்தது, தானாகப் படித்தது, தானாக வேலைக்குப் போனது. ஸ்டெல்லா செல்போனை எடுத்து, நாளைக்கு பீன்ஸ் இரண்டு மூட்டை என்று போட்டது. தேநீர் ஆறுவதற்குள் பாலக்காட்டுக் கடைக்காரர் ஒருவர் எனக்கு வேண்டும் என்றார். மரகதம் அதைப் பார்த்துவிட்டு, "சரி, குடோன்ல எடமும் இல்ல" என்றார். செக்ரட்டரியின் அகராதியில் அதற்குப் பெயர் பொன்னாடை.

அன்று மாலையே உன் சாவியால் எல்லாவற்றையும் திறந்து, புதுச் சாவியால் மறுபடி பூட்டிவிட்டேன். மறையூர் வரைக்கும் கேட்டுவிட்ட சாவியை வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? புதிய சாவிச்சொல்லை நானேதான் யோசித்தேன். அது உன் கேலிக்கு என் பதில். முப்பது வருஷத்தில் உன்னிடம் நான் சொன்ன பதில்களிலேயே ஆகச் சிறந்தது. கோப்பில் இருக்கிறது. ஒரு தாளிலும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் ஸ்டெல்லாவைக் கையெழுத்துப் போட வைத்து, சங்கத்து இரும்பு அலமாரியில் வைத்தாயிற்று. நான் படியேறும்போது உட்கார்ந்துவிட்டால் மரகதம் பிரித்துக்கொள்வார்.

மற்றபடி அது என்னிடம் மட்டும் இருக்கிறது. பதினொரு நாளாகச் சுமக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஊர்க்கதை கேட்டபோது சொல்லவில்லை. சித்தூர் டீக்கடையில் நாக்கு வரைக்கும் வந்தது, டீயை ஊற்றி உள்ளே தள்ளினேன். நம் பழைய செக்ஷன் ஆட்கள் நான்கு பேர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். மறையூரில் மழையா என்று அவர்களையே விசாரித்தேன்.

உன்னிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். இதற்கு முந்தின வரி வரைக்கும் அந்த எண்ணம் இருந்தது. இல்லை மாப்ள. உனக்கும் கிடையாது.